தெரியுதா, தெரியலையா

ஆட்டோ ஓட்டும் தீனாவின் வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு எபி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் பேனா மாதிரி ஒரு கருவி. அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண மூடிக்கோங்கண்ணா. தொட்டா தெரியுதுன்னு சொல்லணும்."

"தெரியலனா இன்னா சொல்றது?"

"தெரியலனா தொட்டதே தெரியாதே. சும்மா இருக்க வேண்டியதுதான்."

தீனா யோசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினான். எபி உள்ளங்காலின் நடுவே இழையை வைத்தான். தீனாவின் விரல்கள் ஐந்தும் சுருண்டன, தோள் குலுங்கியது, மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வெளியேறியது.

"கூசுதுல்ல?"

"இல்ல சார்."

"சிரிச்சீங்களே."

"அது வேற ஒரு மேட்டர் நெனச்சிகினு சிரிச்சேன். கால் சுத்தமா மரம் சார். போட்டுக்கோ."

எபி அட்டையில் 'உணர்ச்சி இல்லை' என்று எழுதினான். அன்று காலையிலிருந்து அவன் வேறெதையும் எழுதவில்லை. பம்மலில், பழைய தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே காலையில் காலில் உணர்ச்சி போயிருந்தது.

காரணம் சபைக் கூடத்தின் மேடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. சர்க்கரை வியாதி முற்றினால் பாதத்தின் நரம்பு செத்துப்போகும், கல் குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் தெரியாது, புண் அழுகிக் கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும் என்பதால், தாம்பரத்து டிரஸ்ட் ஒன்று ஏழைகளுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுக்கும் திட்டம் வைத்திருந்தது. உணர்ச்சி இல்லாதவர்களுக்கு மட்டும்தான். முதலில் வந்த கிழவர் நிஜமாகவே உணர்ச்சி இல்லாதவர். அவர் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு சபைக் கூடத்தின் படியிறங்கியதை வரிசை மொத்தமும் பார்த்தது. அவரிடம் உள்ளே என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார் என்ற விவரம் வரிசையின் கடைசிவரை போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

எபி மறுத்திருக்கலாம். ஆரம்பத்தில் ஃபிரெடி அண்ணனிடம் சொல்லியும் பார்த்தான். ஃபிரெடிதான் டிரஸ்டின் முகாம்களை நடத்துபவர். எப்போதும் கழுத்தில் அடையாள அட்டை, வாயில் ஹால்ஸ் மிட்டாய்.

"எல்லாரும் பொய் சொல்றாங்கண்ணா."

"போன கேம்ப்ல பாதி பெட்டி திரும்பி வந்துச்சு. பணம் குடுக்கற டோனர் என்ன கேட்டார் தெரியுமா? ஊர்ல தேவையே இல்லைன்னா புராஜெக்ட் எதுக்குன்னு கேட்டார். செருப்பு ஏழைக்குத்தானே போகுது. நீ டச் பண்ணு, எழுது, போயிட்டே இரு."

எபி தொட்டான், எழுதினான். அவன் சமூகப் பணி கடைசி வருஷம் படிக்கிறான். முகாமுக்குப் போனால் வருகைப் பதிவு உண்டு. முதன்முதலில் ஒரு கண் முகாமுக்குப் போனபோது அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தோல் முகாம், காசநோய் முகாம், வெள்ளத்துக்குப் பிந்தைய முகாம். ஏதோ ஒரு முகாமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சாப்பாடு ஒழுங்காக இறங்க ஆரம்பித்துவிட்டது. எப்போது என்று அவன் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் பாதத்தை மடியில் வாங்கும்போது மதியம் பிரியாணியா, லெமன் சாதமா என்பதுதான் மனதில் ஓடியது. அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது, வெட்கம்தான் வரவில்லை.

செருப்பு தீர்ந்து, வெயில் கூடத்துக்குள் பாதிவரை வந்தபோது கடைசியாகத் தபீதாள் உட்கார்ந்தாள். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அந்த யூனிஃபார்ம் சேலையோடே வந்திருந்தாள். மதிய ஷிஃப்டுக்குக் கூட்டிப்போக வேன் வரும் என்பதால் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"செருப்பு முடிஞ்சிடுச்சுக்கா," என்றான் எபி.

"எனக்கு இன்னாத்துக்கு தம்பி செருப்பு. கீது." காலடியில் தேய்ந்த ஹவாய் செருப்பைக் காட்டினாள். "சுகர் மாத்திர வாங்க வந்தேன். கால காட்டினாதான் மாத்திரயாம்."

கண்ணை மூடினாள். எபி கட்டை விரலடியில் தொட்டான்.

"தெரியுது."

அன்றைக்கு அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டதில் அவனுக்கே சற்றுத் திகைப்பு. நடுப்பாதத்தில் தொட்டான். தெரியுது. சுண்டுவிரலில் தொட்டான். தெரியுது. அடுத்த இடத்துக்குப் போகுமுன் மூக்கு அரித்ததால் கையை எடுத்துச் சொறிந்தான்.

"தெரியுது," என்றாள் தபீதாள்.

எபி இழையைக் காற்றில் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"தெரியுது."

ஆராதனையில் சபையார் பதில் சொல்வதுபோல, ஒரே இடைவெளி விட்டு, ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எபி பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், காசு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் தட்டினான். டிக்கென்றது. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் குத்தும் பித்தளைத் தலை ஆணி. முள் முழுக்க உள்ளே. சுற்றிலும் தோல் கறுத்து, ஓரம் ஈரமாக, லேசாக நாறியது.

"அக்கா, கால்ல ஆணி ஏறியிருக்கு."

அவள் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியுதுன்னே எழுது தம்பி. எதிர்வூட்டு தனசிங்கு இதே மாதிரி கேம்ப்ல தெரியலன்னு சொன்னாரு. அப்புடியே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஒரு வார்த்த தெரியுதுன்னு சொல்லிருந்தா கால் இருந்திருக்கும். நான் நின்னுனு செய்ற வேல பாக்கறேன்."

எபி அட்டையில் 'உணர்ச்சி இல்லை' என்று எழுதி டாக்டரின் மேசைக்கு எடுத்துப்போனான். ரத்தினபாய் டாக்டர் ஓய்வுபெற்றவர். சபைப் பிள்ளைகளுக்கு டாக்டர் ஆன்ட்டி. அட்டையைக் கையில் வாங்காமலே கைப்பையை மூடினார்.

"காலையிலேர்ந்து நீ அனுப்பின எல்லாருக்கும் உணர்ச்சி இல்ல எபி. எனக்கென்னவோ உனக்குத்தான் டெஸ்ட் பண்ணணும்னு தோணுது. செருப்பு இருந்தா குடுத்து அனுப்பு."

"ஆன்ட்டி, இது நிஜம்."

"அப்போ மத்ததெல்லாம்?"

வாசலில் ஃபிரெடி காலிப் பெட்டிகளை பேனருக்குக் கீழே அடுக்கி போட்டோவுக்குக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தார். எபி திரும்பிப்போய், தபீதாளை ஸ்டூலோடு டாக்டரின் முன்னால் இழுத்துவந்து நிறுத்தி, காலைத் தூக்கி மேசைமேல், பிரஷர் பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான். டாக்டர் திட்ட வாயெடுத்தார். வாய் அப்படியே நின்றது. பிறகு கையுறை கேட்டார்.

ஆணியைப் பிடுங்கும்போது தபீதாள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு முடித்தபின் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கே அட்மிட் ஆகணும்மா. எங்க வண்டி தாம்பரந்தான் போகுது, அப்படியே ஏறிக்கோ. இப்ப வந்தா கால் தப்பிச்சிரும்."

"சரிங்கம்மா," என்றாள். "வூட்ல சொல்லிட்டு வந்துடறேன்."

கட்டுப்போட்ட கால் செருப்புக்குள் நுழையவில்லை. இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"வர மாட்டா," என்றார் டாக்டர். "போ, கூட்டிட்டு வா."

எபி வெளியே ஓடினான். உச்சி வெயிலில் தெருவின் தார் பளபளத்தது. செருப்பு வாங்கிய ஜனம் அதைக் கிறிஸ்துமஸுக்கு எடுத்துவைக்க முடிவு செய்திருந்தது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு ஸ், ஸ் என்று தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தார்கள். தீனா ஒற்றைக் காலில் நின்று மறு காலை ஊதிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு நடுவே, அவசரமில்லாமல், நிழல் எதையும் தேடாமல், தபீதாள் ரோட்டின் நட்டநடுவில் நடந்து போனாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"அக்கா."

நின்றாள். திரும்பினாள்.

"ரோடு சுடலையா?"

தெருவில் தாவிக்கொண்டிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள்.

"சுடுதே தம்பி," என்றாள். "செம சூடு."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். எபி அவள் பக்கத்தில் போய்க் குந்தி, புறங்கையைத் தாரில் வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். முன்னால் கம்பெனி வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. பின்னாலிருந்து ஃபிரெடி போட்டோவுக்குக் கூப்பிட்டார். எபி எழுந்திருக்கவில்லை. கட்டின் வெள்ளைத் துணி அடியில் தார் பட்டுக் கறுத்துக்கொண்டு வந்தது. தபீதாள் கையில் செருப்போடு அவன் தலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள், அவன் இன்னும் எங்கோ தொடப் போகிறான் என்பதைப் போல.