சொல்லாத சத்தியம்

கோட்டையிலிருந்து ஆமி அடித்த ஷெல் வந்து விழுந்த அன்று குருநகர்ச் சனமெல்லாம் கோயிலுக்குள் ஒதுங்கியது. பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா தன் நகைப் பொட்டலத்தை அற்புதராணியின் கையில் திணித்துவிட்டு, மகனைத் தேடி ஓடினாள். பிறகு அவள் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்தால் சங்கிலியைக் காணவில்லை. நெரிசலில் எங்கே விழுந்ததோ, யார் எடுத்தார்களோ. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழி அற்புதராணிக்கு வந்தது.

"நீ எடுக்கேல்லை எண்டால் அந்தோனியாருக்கு முன்னாலை திரி கொளுத்திச் சத்தியம் பண்ணு," என்றாள் செபஸ்தியம்மா.

அங்கே அது சின்ன விஷயமில்லை. சத்தியம் பொய்யென்றால் செய்தவரைப் புனிதர் கேட்பார். மெய்யென்றால், வீண்பழி சுமத்தியவரின் வீட்டில் ஓர் உயிரைக் கேட்பார். செபஸ்தியம்மாவுக்கு இருப்பது மகன் கனிசியஸ் ஒருவன்தான். நேவி சுடுகிற கடலுக்கு நாள் தவறாமல் போகிறவன். கோபத்தில் பெற்றவள் அதை யோசிக்கவில்லை. புருசன் கிறகோரியைக் கடலில் பறிகொடுத்த அற்புதராணி யோசித்தாள்.

ஆண்டவர் அவ்வளவு பொல்லாதவரா? இல்லைத்தான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்தவள் பிள்ளையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. காரணத்தை வெளியே சொன்னாலோ, எடுக்கவில்லை என்று சொன்னதாகிவிடும்; அதுவே பாதிச் சத்தியம்.

எல்லோரும் பார்த்து நிற்க, மெழுகுதிரியைக் கொளுத்தாமலே பீடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"நெருப்பில்லாமல் புகையுமே?" என்றார்கள் பெண்கள்.

பிறகு ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் ஊர்வலமாக வீடு வீடாகப் போய், அவள் படலையை மட்டும் தாண்டிப் போனது. பைத்தியக்காரி, வீட்டைக் கழுவி வெள்ளை விரித்து வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். போய் அந்தச் சத்தியத்தைச் சொல்லித் தொலைத்தால் என்ன? சேலையை உதறிக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள். ஒழுங்கையால் கனிசியஸ் வலையைத் தோளில் போட்டபடி கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

விடிய, கரையில் பெண்கள் விலகி நிற்க, தனியே நின்றாள். அவன் தோணி வந்தது. முன்பெல்லாம், "சின்னம்மா, கறிக்கு" என்று இரண்டு மீனாவது தருகிறவன், இறங்கி அவளைக் கண்டதும் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

அற்புதராணிக்கு நெஞ்சு வெந்துபோனது. ஆனாலும், அவன் வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.