ஒரே டிரேயில் இரண்டு வாட்ச்

"ஒட்டுப்போட்டதுன்னா என்ன அர்த்தம் மருமகளே? சரியாச் சொல்லு" என்று அத்தை கேட்டார்.

நான் சொன்னேன். ஐயோ, எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். திரையில் ஒரு கட்டத்தில் அத்தை, இன்னொரு கட்டத்தில் சித்தப்பாவும் சித்தியும், இந்தப் பக்கம் நானும் அப்பாவும். தாத்தாவின் பீரோவில் கிடைத்த ஸ்டீல் வாட்சைக் காமிராவுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கிற மாதிரி வாசித்தேன்.

"இது ஒரே வாட்ச் இல்ல அத்தை. மெஷினோட கீழ்ப்பாதி ஒரு வாட்சோடது, மேல இருக்கற தகடு வேற வாட்சோடது. யாரோ உதிரியாப் பொறுக்கிச் சேர்த்திருக்காங்க. கடையில புதுசா வாங்கினது இப்படி இருக்க சான்ஸே இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்ல?" சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "அக்கா, நீ கழட்டி வச்சிட்டுப் போன வாட்சை அப்பா என்னிக்கோ தூக்கிப் போட்டிருப்பார். இது ஸ்பேருக்கு வாங்கினது. இதைப் போய் ஜோடி, ஜோடின்னு..."

"அதுக்கு ஏங்க உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம்?" என்றார் சித்தி பக்கத்திலிருந்து.

அத்தையின் முகம் அசையவே இல்லை. நெட் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு, "சரிம்மா, நீயே வச்சுக்கோ. எனக்கு வேணாம்" என்றார். கட்டம் மறைந்தது. அப்பாகூட எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் மட்டும், பெரிய ஆராய்ச்சி செய்துவிட்ட மிதப்பில், என் வாட்ச் குரூப்பில் போட்டோ போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜோடி விவகாரம் இதுதான். அத்தைக்கு முதல் வேலை கிடைத்தபோது தாத்தா அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு வாட்ச் வாங்கினாராம். தனக்குத் தங்க முலாம் போட்டது, மகளுக்கு வெறும் ஸ்டீல். வெளியேதான் வேறு வேறு, உள்ளே ஒரே மெஷின். அப்புறம் அத்தை தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று வாட்சைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "நீங்க வாங்கிக் குடுத்தது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாத்தா கடைசிவரைக்கும் அவரோடு பேசவில்லை. கல்லுளிமங்கன் என்று சித்தப்பாவே சொல்வார்.

தாத்தா போன பிறகு பீரோவைத் திறந்தால், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு வாட்ச். தங்க முலாம் அப்பாவுக்கு என்பதில் பேச்சே இல்லை. ஸ்டீல் வாட்சைப் பார்த்ததும் அத்தை, "இது என்னோடது" என்றார். சித்தப்பா, "அது எப்படி உன்னோடதா இருக்கும்?" என்றார். வீட்டில் வாட்ச் பைத்தியம் நான் ஒருத்திதான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. குட்டி ஸ்க்ரூட்ரைவரும் பூதக்கண்ணாடியும் எப்போதும் பையில் இருக்கும். "இவகிட்டயே குடுங்க, பார்த்துச் சொல்லட்டும்" என்று என்னை நீதிபதியாக்கிவிட்டார்கள்.

அத்தைக்கு வேண்டியிருந்தது ஒரு வாட்ச் இல்லை. பேசாத அந்த மனுஷன் தன் பொருளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தாரா இல்லையா என்பதுதான். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் என் மூளைக்குள் மெஷினும் பல்சக்கரமும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

வாட்ச் பிரிப்பவர்கள் எல்லோரும் சொல்கிற பாலபாடம் ஒன்று உண்டு: ஒரு வாட்சை முடித்து மூடிவிட்டுத்தான் அடுத்ததன் மூடியைத் திறக்க வேண்டும். எனக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற ஆசை. இரண்டையும் சேர்த்துப் பிரித்தேன். ஒரே கிண்ணத்தில் கழுவினேன். ஒரே டிரேயில், இடது பக்கம் அப்பாவுடையது, வலது பக்கம் அத்தையுடையது என்று காய வைத்தேன். நடுவில் கூரியர்காரர் மணியடித்தார். போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் அப்பாவுடையதைப் பூட்டினேன். குதிரை மாதிரி ஓடியது. அப்படியே மூடிக் கொடுத்துவிட்டேன். அடுத்து அத்தையுடையது. சக்கரங்களை மேலிருந்து பிடித்துக்கொள்கிற தகட்டைத் திருப்பிப் பார்த்தால், அடியில் சின்னதாக எண். இந்தக் கம்பெனிக்காரர்கள் மெஷினின் முழு எண்ணைக் கீழே அடித்துவிட்டு, அதன் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் தகட்டின் அடியிலும் அடிப்பார்கள். கீழே 47. தகட்டில் 48. மாட்டிக்கிட்டியா! எங்கள் குரூப்பில் ஒட்டுவேலையைக் கண்டுபிடித்தால் கிடைக்கிற மரியாதை இருக்கிறதே, அது தனி. ஒரே ஒரு எண்தானே வித்தியாசம், இது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பொருந்தவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரமே அப்பா வாட்சைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னடி சர்வீஸ் பண்ணினே? கையில கட்டினா ஓடுது. மேசையில வச்சா நின்னுடுது."

"உங்களை மாதிரிதான்ப்பா. படுத்தா எழுந்திருக்கறதில்ல."

"வாய் மட்டும் நல்லா ஓடுது. முதல்ல இதைப் பாரு."

திறந்தேன். தகட்டைத் திருப்பினேன். 47. கீழே பார்த்தேன். 48.

காது இரண்டும் சுட்டது. ஓடிப்போய் அத்தை வாட்சை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். அடுத்தடுத்த எண்கள். ஒன்றாகவே தயாராகி, ஒன்றாகவே கடைக்கு வந்து, ஒன்றாகவே விற்றுப்போன இரண்டு வாட்சுகள்.

அப்போதும் என் புத்தி எங்கே போனது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். பழைய மெக்கானிக் யாராவது மாற்றியிருப்பான் என்று நினைத்தேன். எவனோ ஒருவன் தலையில் போட்டுவிட்டால் நிம்மதி. ஆனால் பிரிப்பதற்கு முன்னால் நானே எடுத்த போட்டோ போனில் இருந்தது. அத்தை வாட்சின் தகட்டில், திருகுக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ வழுக்கிவிட்ட ஒரு கீறல். அந்தக் கீறல் இப்போது அப்பாவின் வாட்சுக்குள் இருந்தது. மெக்கானிக் கிக்கானிக் யாருமில்லை. கூரியரை வாங்கிவந்து உட்கார்ந்த அவசரத்தில், டிரேயில் இந்தப் பக்கத் தகட்டை அந்தப் பக்கம் மாற்றி எடுத்தது நான்தான்.

தகடுகளை மாற்றிப் பூட்டினேன். இரண்டும் நிற்காமல் ஓடின. மறுநாள் வேலை முடிந்ததும் அத்தை வேலை பார்க்கிற லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற அறையில் கையுறை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"உட்காரு. இன்னும் ஒருத்தர் இருக்கார்" என்றார்.

அந்த ஆளும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனதும், ஊசி போட்டுக்கொள்கிற நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூரியர்காரரைக்கூட விடவில்லை. அத்தை ட்யூப்களில் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சு பண்ணல அத்தை."

"மாத்தினது தெரியாமத்தான் பண்ணினே. சொன்னதும் தெரியாமத்தான் சொன்னே. ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னே பாரு, அதுதான்."

அத்தை ஒரு ட்யூபை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இங்க ரெண்டு பேரோட ட்யூபை நான் மாத்திட்டா என்ன ஆகும் தெரியுமா? உங்க அப்பனுக்குக் குழந்தை பொறக்கப் போகுதுன்னு ரிசல்ட் வரும்."

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் நீட்டிய வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவர் பேசலன்னாலும் இதைப் பத்திரமா வச்சிருந்தார்னு நினைச்சேன். எனக்கு அது போதும்னு இருந்தது. நீ உதிரின்னு சொன்னதும், சரி, இதுவும் நானாக் கட்டிக்கிட்ட கதைதான் போலிருக்குன்னு விட்டுட்டேன். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. வெக்கமா இருந்தது."

வெட்கம் அவருக்கு! எனக்கு அந்த நாற்காலியோடு சேர்ந்து தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தை. கட்டிக்கோங்க."

அவர் கட்டிக்கொள்ளவில்லை. வாட்சை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"எல்லார் முன்னாடியும்தானே சொன்னே? இதை மட்டும் என் காதுல வந்து சொன்னா எப்படி? அங்கேயே சொல்லு. அப்புறம் வாங்கிக்கறேன்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. "சித்தப்பன்கிட்ட நல்லா மாட்டினே" என்று மட்டும் சொன்னார். குடும்பக் குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டினேன். அத்தை பேசச் சொன்னார், தட்டச் சொல்லவில்லை என்று அழித்துவிட்டேன். பிறகு இரண்டு வாட்சையும் காமிரா முன்னால் திறந்து எண்களைக் காட்டுவது என்று முடிவு செய்து, போனில் வீடியோ எடுத்து ஒத்திகை பார்த்தேன். ஓட்டிப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. எண்ணை எங்கே அடிப்பார்கள், ஏன் அடிப்பார்கள் என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டே போகிறேன். அத்தை என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. தப்பு செய்தவள் பேசுகிற பேச்சா அது?

திறந்து காட்டாமல், "நான்தான் மாத்திட்டேன், அத்தை சொன்னதுதான் சரி" என்று மட்டும் சொல்லிவிடலாம். ஆனால் சித்தப்பா சும்மா இருக்க மாட்டார். "அத்தை மூஞ்சி வாடினதும் பாவம் பார்த்து மாத்திச் சொல்றியா?" என்பார். அப்படி ஒரு சந்தேகம் மிச்சமிருந்தால் அத்தைக்கு அந்த வாட்ச் திரும்பக் கிடைத்ததாகவே ஆகாது. திறந்து காட்டினாலோ, மறுபடியும் நான்தான் நடுவில் நின்று மேளம் அடிப்பேன். எண்களை நான் காட்டாமல் அப்பாவைக் காட்டச் சொல்லிவிட்டு, நான் என் தப்பை மட்டும் சொல்லலாமா? இல்லை, அதுவும் தப்பித்துக்கொள்கிற வேலையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சட்டென்று சொல்லுங்களேன்?