இத்தா வீட்டுக் கேமரா

நாலாவது தடவையும் கேமரா சிவப்பாகவே கண் சிமிட்டியது. முபீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறி சிதம்பரம் போயாக வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளை அங்கே மாமியார் இடுப்பில் கத்திக்கொண்டிருக்கும்.

கடலூரில் இந்த வீட்டில் இப்போது உம்மா ரஹ்மத் பீவி மட்டும்தான். வாப்பா மௌத்தாகி அடக்கமானதிலிருந்து இத்தா இருக்கிறாள். அந்த நாலு மாசம் பத்து நாள் முடிகிறவரை அந்நிய ஆண் கண்ணில் பட மாட்டாள், புருஷன் வீட்டு வாசப்படியைத் தாண்ட மாட்டாள். மகள் வீட்டுக்கும் வர மாட்டாள். போன வாரம் சர்க்கரை இறங்கி அடுப்படியில் விழுந்து கிடந்தாள். பால்காரி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் கூட்டியதால் பிழைத்தாள். சேதி கேட்ட தம்பி ஆசிக் துபாயிலிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பியதுதான் இந்தக் கேமரா.

"பாஸ்வேர்டு சரியாப் போட்டியா லாத்தா?" போனில் ஆசிக் கத்தினான்.

"வாப்பா பேரையும் உன் பேரையும் சேத்து நீயே வச்சதுதானடா. முக்கால்வாசி போவுது, அப்படியே நின்னுடுது."

"கேமராவுல ஒண்ணும் கோளாறு இல்ல. உன் கை ராசி அப்படி."

"ஆமாண்டா, ஏசியில உக்காந்துகிட்டு நல்லா பேசு." போனை வைத்தாள்.

ஐந்தாவது தடவை போனில் வைஃபை குறியே மறைந்தது. மோடம் இருக்கும் உள் அறைக்கு ஓடினாள். உம்மா சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தாள்.

"என்னா உம்மா பண்றே?"

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "துபாயில அவன் ரூம்ல எட்டு ஆம்பளைங்கடி. போனைச் சார்ஜுல போட்டுட்டுக் குளிக்கப் போவான். இத்தாவுல இருக்கறவள கண்டவனும் பாக்கவா?"

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"புள்ள ஆசையா அனுப்பியிருக்கான். எப்படிடீ சொல்லுவேன்?"

முபீனா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் போன்ல மட்டும் வரட்டும். அவனுக்குத் தர மாட்டேன். அல்லா மேல ஆணையா."

உம்மா தானே சுவிட்சைப் போட்டாள். கேமரா நீலமானது.

உடனே ஆசிக் கூப்பிட்டான். "ஆச்சா லாத்தா? எனக்கும் ஷேர் பண்ணு."

"மாட்டேன்."

"காசு போட்டவன் நானு!"

"பெத்தவ வேணாங்கறா. விட்டுடு." அவன் போனை அணைத்துவிட்டான்.

கிளம்பும்போது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. பண்ருட்டியில் கல்யாணமாம். மனசு கேட்காமலேதான் முபீனா பஸ் ஏறினாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் போனைத் திறந்தாள். கூடத்து நாற்காலியில் உம்மா பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தாள். புதுச்சத்திரத்தில் பார்த்தபோதும் அப்படியே. வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. முபீனா உம்மாவை அழைத்தாள்.

"சக்கரை ஊசி போட்டியா உம்மா?"

"அப்பவே போட்டேன்."

"சாப்புட்டியா?"

"இல்லடி."

"ஊசி போட்டுட்டு ஏன் சாப்புடல?"

"அடுப்படி அதுல தெரியாதுன்னு சொன்னியே. நான் எழுந்து போயிட்டா ஆளக் காணோமேன்னு பஸ்ல பதறுவே. நீ வீட்டுக்குப் போயி சேர்ற வரைக்கும் இங்கயே இருக்கலாம்னுதான்..." குரல் குழறியது.

"எழுந்து போ உம்மா! மொதல்ல சக்கரையை அள்ளி வாயில போடு! போ!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கேமராப் படத்தில் உம்மா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். நிற்க முடியாமல் ஒருதரம் உட்கார்ந்து, போனை அங்கேயே போட்டுவிட்டு மறுபடி எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே படத்தை விட்டு வெளியே போனாள்.

முபீனா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். ஒரு டப்பா மூடி திறக்கும் சத்தமாவது கேட்காதா? பஸ்ஸின் ஆரன்தான் கேட்டது; லைன் அறுந்துபோனது. கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்று சைகை காட்டியபடியே உம்மாவை அழைத்தாள். படத்தில் உம்மாவின் போன் காலி நாற்காலியில் கிடந்து வெளிச்சம் விட்டு அடித்தது. அடித்து ஓய்ந்தது.

மறுபடியும் அழைத்தாள்.