பீரோவுக்குப் பின்னால்

சவப்பெட்டி சந்தில் திரும்பவில்லை. நான்கு பேர் தூக்கிப் பார்த்துவிட்டு, இருதயநாதனை மறுபடியும் பின்னறைக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். காலையில் வெறும் பெட்டியை நிமிர்த்தி எடுத்து வந்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை.

"வூடு வாங்கறப்பவே சொன்னேன், இந்தச் சந்துல சைக்கிளே திரும்பாதுன்னு" என்றார் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி.

"அக்கா, லேசா நிமித்திக்கினு போயிடலாமா? கோயில்ல சாமியார் காத்துக்கினு இருக்காரு" என்றான் தம்பி பிரான்சிஸ்.

"அப்பாவ நிக்க வெச்சா? வேணாம்டா" என்றாள் அருள்ராணி.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா திண்டிவனத்தில் இந்த வீட்டை வாங்கியபோது, அருள்ராணி விழுப்புரத்திலிருந்து வந்து சண்டை போட்டாள். கார் ஷெட் ஒரு குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் ஒரு சமையலறை, முன்கூடம் தனிக் குடித்தனம். எதற்கும் அனுமதியில்லை.

"பிளான்ல ஒரே வூடுப்பா. நகராட்சியில வந்து இடிச்சா?"

"எனக்கு ஒரு வழி இருந்தா போதும், போ" என்று சிரித்தார். கூடத்தை வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்னறையில் இருந்துகொண்டார்.

என்ன வழி? பீரோவைத் திறந்து வரைபடத்தை எடுத்தாள். அன்று கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. பின்னறை, கூடம், தெருவாசல். இடையில் ஒரு கதவு. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். அந்தக் கதவு இருக்கவேண்டிய இடத்தில் பீரோ நின்றது.

"பிரான்சிஸ், இதத் தள்ளு."

பலத்தை எல்லாம் கூட்டித் தள்ளியவன் தடுமாறினான். பீரோ வழுக்கிக்கொண்டு போனது. அதன் கால்களுக்கு அடியில் அப்பா சாக்கை மடித்து வைத்திருந்தார்.

அருள்ராணி கதவைத் தட்டினாள். "வேணி, அந்தப் பக்கம் சாமான் எதனா இருக்குதா?"

"இல்லக்கா, தொறங்க" என்றாள் கூடத்தில் குடியிருக்கும் வேணி. "குடிவந்தப்பவே அய்யா சொல்லிட்டாரு, கதவுலேர்ந்து வாசல் வரிக்கும் எதையும் வெக்காதன்னு. ஏன்யான்னு கேட்டா சிரிப்பாரு."

தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் வந்தது.

வேணி அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். அவளுடைய கட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் பெட்டி எதிலும் இடிக்காமல் போனது. படுத்தபடியே அப்பா தெருவுக்கு இறங்கினார்.

"அக்கா, வா!" வாசலிலிருந்து பிரான்சிஸ் கூப்பிட்டான்.

அருள்ராணி கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். சத்தமே இல்லை. கீலைத் தொட்ட விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. முந்தானையில் துடைக்கப் போனவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு நடந்தாள்.