பீரோவில் ஒட்டிய பொத்தான்

மாமனார் கட்டிலிலிருந்து விழுந்த மறுநாள் காலை, அவர் எப்படி விழுந்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மணி அடித்தும் மருமகள் ஏன் மேலே போகவில்லை என்றுதான் கேட்டார்கள்.

மணி, நாத்தனார் புருஷன் செய்தது. அவருக்கு வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியில். உயிர் மட்டும் சால்டரிங் அயர்னில். குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பேர். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத் திருகு கிடையாது என்பதும் ஒரு காரணம். மாமனார் பக்கவாதத்தில் படுத்ததும், இரண்டாம் மாடியிலிருந்து கீழே ஜெராக்ஸ் கடையில் இருக்கும் மருமகளைக் கூப்பிட ஒரு வயர்லெஸ் மணி செய்து கொண்டுவந்தார். பொத்தான் வைத்த டப்பாவின் முதுகில் காந்தம் பொருத்தி, கட்டிலை ஒட்டி நின்ற இரும்பு பீரோவில் கிழவர் கைக்கு எட்டும்படி ஒட்டினார். அந்தக் காந்தத்தின் பெருமையை மட்டும் காபி ஆறும்வரை பேசினார்.

அந்த மணி கடையில் ஒருநாளும் அடித்ததில்லை. மாமா பாவம், தொந்தரவே பண்ணுவதில்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுக்க, மூத்திரப் பாட்டில் மாற்ற, புரட்டிப் படுக்கவைக்க என்று வேளை தவறாமல் தானாகவே ஏறி இறங்கினாள். போகும்போதெல்லாம் கிழவர், "இவ்வளவு நேரமா?" என்று சீறுவார். படுத்துக் கிடக்கிறவர் எரிச்சல் என்று விட்டுவிடுவாள். நேற்று ஹால் டிக்கெட் எடுக்க வந்த கூட்டத்தில் ஒரு வேளை தப்பிவிட்டது. அமுக்கி அமுக்கிப் பார்த்த கிழவர், தானே எழுந்திருக்கப் போய் விழுந்தார். நெற்றியில் தையல்.

"எங்கப்பா கை ஓயுற வரைக்கும் அமுக்கியிருக்கார். மகாராணி காதுல விழலையாம்!" என்று கடைக்குள் வந்து நின்று கத்தினாள் நாத்தனார்.

"சத்தியமா அடிக்கல அண்ணி."

"நான் பண்ணின மணி அடிக்காதா?" என்று ரேடியோ குதித்தார். "மொட்டை மாடியில நின்னு அமுக்கினா தெருக்கோடி வரைக்கும் போகும்மா!"

மருமகள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு தாள் கட்டைத் தட்டித் தட்டிச் சீராக்கிக்கொண்டே, "மெஷின் சத்தத்துல உனக்குக் கேக்காம போயிருக்கலாம்ல?" என்றான்.

நாத்தனார் சொன்னது காதோடு போயிற்று. இது நெஞ்சில் இறங்கியது. இந்தப் பழியை இன்றைக்கே துடைக்காவிட்டால், செத்த பிறகும் தன்னை மாமனாரை விழவிட்டவள் என்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். நரம்பில்லாத நாக்கு அல்லவா.

ரேடியோ மாடிக்கும் கடைக்குமாக அலைந்தார். புது பேட்டரி போட்டார். கீழே மணி அடித்தது. ஆன்டெனா கம்பியை நிமிர்த்தினார். அடித்தது. கரன்ட் சீராக வரவேண்டும் என்று ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தார். பக்கத்து வீட்டு வைஃபை இடிக்கிறதோ என்று சேனலையும் மாற்றிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடித்தது.

"மணி நல்லாத்தான் அடிக்குது. சிலருக்கு மனசுதான் அடிக்க மாட்டேங்குது" என்றாள் நாத்தனார்.

மருமகள் விறுவிறுவென்று மாடி ஏறினாள். அறை வாசலில் நின்று ரேடியோ செய்வதைப் பார்த்தாள். டப்பாவைப் பீரோவிலிருந்து டக்கென்று பிடுங்கினார். கையில் வைத்து அமுக்கினார். "அடிக்குது!" என்று கீழிருந்து நாத்தனார் குரல். திரும்ப டக்கென்று பீரோவில் ஒட்டினார்.

"அண்ணா, எடுக்காம அமுக்குங்க."

"எப்படி அமுக்கினா என்னம்மா?"

"மாமா என்ன, கையில எடுத்துக்கிட்டா அமுக்குவார்? இருக்கற இடத்துலயே அமுக்குங்க."

அமுக்கினார். கீழே சத்தமில்லை. நன்றாக அழுத்தினார்.

"அத்தான், அமுக்குறீங்களா இல்லையா?" என்று புருஷன் கீழிருந்து கத்தினான்.

ரேடியோவின் முகம் செத்தது. "இரும்போட ஒட்டிக் கிடந்தா ஆன்டெனா வேலை செய்யாதுதான்..." என்று முனகினார். உடனே குரல் ஏறியது. "பீரோவைக் கொண்டுவந்து இங்க யார் போடச் சொன்னது?" ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

கிழவர் தலையணையிலிருந்து கழுத்தை நீட்டினார். "பொய். இத்தனை நாளா நான் அமுக்கினா லேட்டாவாவது வந்துக்கிட்டுத்தானே இருந்தா?"

"நீங்க அமுக்கினதால வரல மாமா. உங்களைப் பாக்கணும்னு வந்தேன். இது ஒருநாள்கூட அடிச்சதில்ல."

கிழவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டப்பா இப்போது ஒரு மர முக்காலிக்கு மாறியது. கடையில் எல்லோரும் கூடினார்கள். "சரி, தெரியாம நடந்துபோச்சு. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றாள் நாத்தனார்.

புருஷன், "விடு, இப்பதான் தெரிஞ்சுபோச்சே" என்றான்.

"என் வார்த்தை பத்தல. உங்களுக்கு ஒரு பீரோ வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்துச்சு" என்றாள் அவள். அவன் மறுபடி தாள் கட்டைத் தட்ட ஆரம்பித்தான்.

அப்போது மணி அடித்தது. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன, கேக்கலையா?" என்றாள் நாத்தனார்.

"நல்லாவே கேக்குது அண்ணி. உங்களுக்கு?"

மீண்டும் அடித்தது. மீண்டும் அடித்தது. புருஷன் எழுந்தான். "நீங்க உக்காருங்க. பெத்த பொண்ணு இருக்காங்கல்ல" என்றாள் மருமகள். நாத்தனார் அவளை முறைத்தாள். மணியையும் முறைத்தாள். பிறகு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் திட்டியபடி ஏறினாள்.

மாத்திரை வேளையாகிவிட்டதால் மருமகளும் மாத்திரை டப்பாவோடு சற்றுப் பொறுத்துப் பின்னாலேயே போனாள். மாடிப்படித் திருப்பத்தில் கிழவரின் சீறல் கேட்டது.

"இவ்வளவு நேரமா?"

"எனக்கு மணியே கேக்கலப்பா" என்றாள் மகள்.

மருமகள் மாத்திரை டப்பாவைப் படியிலேயே வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினாள்.