சும்மா இருக்கையில் ஐந்து வோல்ட்

என் மனைவி பத்மா குசினியில் அடுப்பருகே விழுந்தது சனிக்கிழமை காலை. சத்தம் கேட்டு ஓடினேன். ஓடும்போதும் என் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பிறெசர் மிசின். சற்று முன்னர்தான் அவளுக்குப் பார்த்திருந்தேன்: நூற்றிப் பதினெட்டு. தங்கமான எண்.

"இஞ்சேர், உமக்கு ஒண்டுமில்லை. பிறெசர் நல்லாத்தான் இருக்கு" என்று தரையில் கிடந்தவளிடம் சொன்னேன். என் அறிவு அப்படி.

அந்த மிசினை மூன்று கிழமைக்கு முன் திருத்தியவன் நான். உள்ளே மின்சாரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் மூன்று கால் றெகுலேற்றர் கருகிப்போயிருந்தது. கடையில் கொடுப்போம் என்றாள் பத்மா. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த இந்த நாகேந்திரத்திடம் சொல்கிற கதையா அது? பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிப் பொருத்தினேன். வோல்ட் அளக்கும் மீற்றரை வைத்தேன். சரியாக ஐந்து வோல்ட். மூடிவிட்டேன்.

மறுநாளே அவளுக்கு நூற்றி அறுபத்தைந்து. வீடு இரண்டுபட்டது. உப்பை நிறுத்தினேன். ஊறுகாய்ப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். டொக்டருக்கு நானே போன் எடுத்து எண்களை வாசித்தேன். அவள் தினம் விழுங்கும் பிறெசர் குளிசையை அவர் இரட்டிப்பாக்கினார். எண் இறங்கியது. அவள் தலை சுத்துது என்று சொல்லும்போதெல்லாம் மிசினை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் சுபோதினி ஓடி வந்தாள். கையால் அமுக்கிக் காற்றடிக்கும் கருவியால் இரண்டு தரம் பார்த்தாள்.

"அங்கிள், தொண்ணூற்றிரண்டு! ஆன்ரிக்கு இவ்வளவு குளிசை ஏன்?"

டொக்டரிடமும் அவளே பேசினாள். குளிசையை உடனே நிறுத்தச் சொன்னார். பின்னேரம் மறுபடி பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி.

பத்மா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். என்னால் இருக்க முடியவில்லை. மிசினைத் திறந்தேன். ஐந்து வோல்ட். பல்கனிக்குப் போனேன், கடலைப் பார்க்காமலே திரும்பினேன். மறுபடி ஐந்து. குழாயைச் சந்தேகப்பட்டேன், மீற்றரைச் சந்தேகப்பட்டேன், ஏன், சுபோதினியையே சந்தேகப்பட்டேன். பத்மா மூச்சு விடுகிறாளா என்று நாலு தரம் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் பட்டியை என் கையில் சுற்றி, மீற்றரைக் கழற்றாமலே பொத்தானை அழுத்தினேன். காற்றடிக்கும் மோட்டர் ஓடத் தொடங்கியது. மீற்றரில் ஐந்து இறங்கியது: நாலு தசம் எட்டு. நாலு தசம் இரண்டு. மூன்று தசம் ஒன்பது. மோட்டர் நின்றதும் நல்ல பிள்ளையாய் மறுபடி ஐந்து. றெகுலேற்றரைத் தொட்டேன், விரல் சுட்டது. றேடியோவில் இருந்தது சின்னது. மோட்டரின் பாரம் அதற்குத் தாங்காது. நான் அதைச் சும்மா இருக்கையில் மட்டும் அளந்திருக்கிறேன். அந்த ஐந்து வோல்ட்தான் மிசினுக்கு அடிக்கோல்; அடிக்கோல் சுருங்கினால் துணி நீளமாகத்தானே தெரியும்? அப்படித்தான் அவளுடைய பிறெசரும் கூடியிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என் மனைவியை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

கடைகள் நிறைந்த காலி வீதிக்கு இறங்கிப் பெரிய றெகுலேற்றர் வாங்கி வந்து பொருத்தினேன். மோட்டர் ஓடியபோதும் ஐந்து அசையவில்லை. மிசினைத் தூக்கிக்கொண்டு கீழே போய்ச் சுபோதினியின் கருவியோடு என் கையிலேயே ஒப்பிட்டேன். இரண்டும் நூற்றி முப்பத்தெட்டு.

பழைய மிசின், அதுவாகப் பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பத்மா நம்பியிருப்பாள். அவள் நம்புவாள் என்பதாலேயே என்னால் முடியவில்லை. கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"தலை சுத்துதெண்டு நான் சொன்னனான் எல்லே?" என்றாள்.

"ஓம்."

"எத்தினை தரம் சொன்னனான்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலரை, டொக்டருக்கு எண்ணைச் சொல்ல வேண்டிய நேரம்.

"இப்ப மிசின் சரி, பத்மா. கையைத் தாரும், பாப்பம்."

அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமப்பா. சுபோதினியைக் கூப்பிடுங்கோ."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். படியிறங்கிப் போய்ச் சுபோதினியைக் கூட்டி வந்தேன். அவள் பார்த்து முடியும்வரை அறைக்கு வெளியே நின்றேன்.