மறுவார்ப்பு

வேம்புவின் கையில் கோடரி இருந்தது.

வேறு யாருடைய ஆட்டத்தையோ தவறித் திறந்துவிட்டோம் என்றுதான் இனியா முதலில் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். மீன் குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவி, ஈரத்தைச் சுடிதாரிலேயே துடைத்துக்கொண்டு, டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமைத் திறந்திருந்தாள். திரையில் அதே பனிமூட்டம், அதே கோட்டைச் சுவர். ஆனால் நடுவில் நின்ற பெண் தோள்வரை இரும்பு பூட்டி, பாதி முகம் மறைய தலைக்கவசம் மாட்டி, தன் உயரத்துக்கு ஒரு கோடரியைத் தரையில் ஊன்றியிருந்தாள். மூலையில் பெயர் மட்டும் மாறவில்லை. வேம்பு.

அந்தப் பெயரை வைத்தவள் இனியாதான். போன மழைக்காலத்தில் இரண்டாம் ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரில் வரும்போது வழுதாவூர் சாலையில் ஒரு லாரி உரசி விழுந்தாள். இடது காலில் எலும்பு முறிவு. உழவர்கரையில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்காக, கணவன் விஜயராகவன் ஒரு பழைய கேம் பெட்டியை வாங்கி வந்தான். நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர், பிரிண்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. மந்திரமும் மலைகளும் நிறைந்த ஒரு ராஜ்ஜியம். அதில் நமக்கென்று ஒரு ஆளை நாமே உண்டாக்கி நடமாட விட வேண்டும். ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் கொஞ்சம் புள்ளிகள் கிடைக்கும். அதைக் கை பலத்தில் போடுவதா, வில்லில் போடுவதா, மந்திரத்தில் போடுவதா என்பது ஆடுகிறவர் பாடு. எதில் எவ்வளவு போடுகிறோமோ அதுதான் அந்த ஆளின் பில்டு என்று விஜயராகவன் விளக்கினான். கை பலத்தில் போடச் சொன்னான்.

இனியா பேச்சில் போட்டாள். பிறகு மூலிகையில், பிறகு சத்தமில்லாமல் நடப்பதில். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நாலு பேர் நடுவில் வாய் திறந்தால் சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும் சுபாவம் அவளுக்கு. பிறந்த வீட்டில் 'ஊமச்சி' என்றே கூப்பிட்டார்கள். வேம்புவோ வழிப்பறிக் கூட்டத்திடம் பேசி அவர்கள் சமைத்ததில் பங்கு வாங்கிச் சாப்பிட்டாள். சுங்கம் கேட்டவனிடம் அவன் மகளைப் பற்றி விசாரித்துக் காசு கொடுக்காமல் பாலம் தாண்டினாள். பேச்சு எடுபடாத இடத்தில் ஓடினாள், பலமுறை செத்தாள். விஜயராகவன் பின்னால் நின்று பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். "ஊர் ஊராப் பேசியே ஜெயிக்கப் போறியா?" என்பான். கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிறு மதியம் வேம்புவுக்கு என்று ஆகிவிட்டது.

இப்போது அவள் வந்து நின்றிருந்தது வடக்குக் கோட்டை வாசல். அங்கே இருமிக்கொண்டே காவல் காக்கும் ஒரு கிழட்டுத் தளபதி. அவனுக்கு மருந்து பறித்துக் கொடுத்து, அவன் புலம்பலையெல்லாம் அகராதி பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் படித்துப் புரிந்துகொண்டு, பல ஞாயிறுகளாகப் பேசியிருந்தாள். போன வாரம்தான் அவன், அடுத்த முறை வா, கதவைத் திறக்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

ஆளை மாற்றிக்கொள்ள அந்த ஆட்டத்தில் ஒரு வழி இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு கொல்லன். அதுவரை போட்ட புள்ளிகளையெல்லாம் உருக்கித் திரும்பக் கையில் கொடுப்பான். வேறு விதமாகப் போட்டு ஆளையே புதிதாக வார்த்துக்கொள்ளலாம். ரீஸ்பெக் என்று அதற்குப் பெயர். ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான். இனியா அந்தப் பட்டறையை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறாள். உள்ளே காலடி வைத்ததில்லை.

விஜயராகவன் வாயில் வெற்றிலையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்துட்டியா? நேத்து நீ ட்யூட்டில இருந்தப்ப கடைய மூடிட்டு வந்து பண்ணேன். கொல்லன்கிட்ட இட்டுனு போயி எல்லாத்தையும் கை பலத்துல ஏத்திட்டேன். இனிமே எவனும் ஒன்னக் கிட்ட அண்ட முடியாது."

பழைய வேம்புவைப் பதிந்து வைத்திருந்த சேவ் எங்கே என்று கேட்டாள். அதன் மேலேயேதான் பதிவாகியிருக்கும் என்றான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அது ஒன்றுக்கும் உதவாத பில்டு என்று அன்பாகத்தான் சொன்னான். பரிசு வாங்கி வந்தவன், பொட்டலத்தை எப்போது பிரிப்பாள் என்று காத்திருக்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்தான்.

இனியா கன்ட்ரோலரை எடுத்தாள். வேம்புவை வாசலுக்கு நடத்தினாள். இரும்புக் காலணி கல்லில் மோதி ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. தளபதி நிமிர்ந்து பார்த்தான். பேசுவதற்கான வரிகள் திரையில் வரிசையாக வந்தன. எல்லாமே சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல். எந்த வரியைத் தொட்டாலும், பேச்சுத்திறன் போதாது என்று வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. வழிவிடு, இல்லாவிட்டால் சாவாய்.

"அத அமுக்கு," என்றான் விஜயராகவன்.

அமுக்கினாள். கிழவன் இருமிக்கொண்டே வாளை உருவினான். கோடரி இரண்டு முறை சுழன்றது. அவன் சரிந்த இடத்தில் இடுப்புப் பையிலிருந்து சில பொருட்கள் சிதறின. எடுத்துக்கொள்கிறாயா என்று ஆட்டம் கேட்டது. அவள் பறித்துக் கொடுத்த மூலிகைக் கட்டு, பாதி தீர்ந்தது, அதில் இருந்தது.

"ஒரு நிமிஷத்துல முடிஞ்சிதா? இதுக்குப் போயி இத்தன வாரம் கதையளந்துனு இருந்த," என்று அவள் முதுகில் தட்டினான்.

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். வெறும் விளையாட்டு, இதற்குப் போய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது.

பூர்ணிமா. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இனியா வேலை பார்க்கும் மாத்திரைக் கம்பெனியில், அதே பேக்கிங் லைனில் எதிரே நிற்பவள். லைன் இன்சார்ஜாக வருகிறாயா என்று மேனேஜர் ஜானகிராமன் இனியாவைத்தான் முதலில் கேட்டிருந்தார். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும், யோசித்துத் திங்கட்கிழமை சொல் என்றிருந்தார். இனியா வாரம் முழுக்க யோசித்து, சரி என்று சொல்வதாக உள்ளுக்குள் முடிவு கட்டி, அதை விஜயராகவனிடம் எப்படிச் சொல்வது என்பதில் நின்றிருந்தாள். பூர்ணிமா சுற்றி வளைக்கவில்லை. ஏன் வேண்டாமென்று சொன்னாய், ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதா என்று வருத்தப்பட்டாள். அந்த வேலையை லைனில் இருக்கும் ராமதாஸுக்குக் கொடுத்துவிட்டார்களாம், நேற்றே அவனுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

இனியா அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். டிவியில் வேம்பு திறந்த வாசலில் அசையாமல் நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழம எங்க கம்பெனிக்கு பிரிண்டர் பாக்கப் போனீங்களே. ஜானகிராமன் சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

விஜயராகவன் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "அவராத்தான் பேச்செடுத்தாரு. நைட் ஷிப்ட்டெல்லாம் சரிப்படாது சார்னேன். வேற என்னா சொல்றது?"

"நான் சொன்னதா சொன்னீங்களா?"

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "நீயும் நானும் வேற வேறயா?" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை அவனை உசுப்பியது. குரல் மட்டும் உயரவில்லை.

"நீ விழுந்த அன்னிக்கி எனக்குத்தான போன் வந்துச்சி. எவனோ ஒருத்தன் பேசறான். இந்த போனுக்கு சொந்தக்காரங்க ரோட்ல கெடக்கறாங்க, நீங்க யாருன்னு கேக்கறான். உசுரு இருக்கா இல்லியான்னு சொல்ல மாட்றான். அத நீ கேக்கல இனியா. நான் கேட்டேன்."

அது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் உட்கார வைத்தவன் அவன். தலைக்கு ஊற்றிவிட்டான், துவட்டிவிட்டான், சிக்கெடுக்கத் தெரியாமல் சீப்பை வைத்துக்கொண்டு திண்டாடினான். அன்றிலிருந்து இன்றுவரை அவனேதான் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வருகிறான். ஒரு நாள் அலுத்துக்கொண்டதில்லை. இவ்வளவையும் நினைத்துப் பார்த்தபோது கோபப்படவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அழுதால் அவன் கட்டிப்பிடித்துக்கொள்வான், எல்லாம் இத்தோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரப் பார்த்தது. எழுந்துவிட்டாள்.

"சாவி குடுங்க."

"எங்க போற?"

"கம்பெனிக்கு. மெயின்டனன்ஸ் நடக்குது, சார் இருப்பாரு."

"இரு, சட்ட மாட்டிக்கினு வரேன். நானே கொண்டு விடறேன்."

"வேணாம். நானே ஓட்டறேன்."

ஸ்கூட்டர் சாவி அவன் அரைக்கால் சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதன் மேல் போனது, ஆனால் எடுக்கவில்லை. விழுந்ததற்கப்புறம் வண்டியைத் தொட்டதுகூட இல்லையே என்றான். கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லையே என்றான். போனில் பேசினால் ஆகாதா என்றான். இனியா உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள். கை கொஞ்ச நேரத்தில் வலிக்க ஆரம்பித்தது. மடக்கவில்லை. கீழ்வீட்டில் யாரோ பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் சாவியை எடுத்து, அவள் கையில் வைக்காமல், டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டான்.

தெருமுனை வரை வண்டியைக் கால்களால் தள்ளிக்கொண்டே போனாள். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்யத் துணிவு வந்தது. ஞாயிறு மதியம் என்பதால் ரோட்டில் கூட்டம் குறைவு. ஆனால் வழுதாவூர் சாலைக்குத் திரும்பியதும் லாரிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் தாண்டும்போது தோள் தானாக இறுகியது, வண்டி ஓரத்து மண்ணுக்கு இறங்கப் பார்த்தது. விழுந்த இடம் வந்தது. அடையாளம் எதுவும் இல்லை. ஒரு பெட்டிக்கடை, ஒரு மின்கம்பம், அதில் பழைய கல்யாண போஸ்டர். பின்னாலிருந்து ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. கண்ணை மூடிவிடுவோமோ என்று பயந்தாள், பயந்ததாலேயே மூடவில்லை. லாரி காற்றை இழுத்துக்கொண்டு தாண்டிப் போனது. வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஜானகிராமனிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தாள். அந்த லாரியோடு அவ்வளவும் போய்விட்டது.

கம்பெனியில் பேக்கிங் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஜானகிராமன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே வந்து நின்றவளைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று பதறி வெளியே வந்தார்.

"நான் வேணாம்னு சொல்லல சார்," என்றாள் இனியா.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். வீட்டுக்காரரே நேரில் வந்து சொன்னபோது நம்பாமல் எப்படி இருப்பது என்றார். ராமதாஸிடம் சொல்லியாகிவிட்டது, அவனும் வீட்டில் சொல்லியிருப்பான், இனி அவனிடம் என்னவென்று சொல்வது என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அவள் போகாமல் நின்றாள். உள்ளே யாரோ சுத்தியலால் எதையோ தட்டினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி தட்டினார்கள்.

"சரிம்மா. காலைல ஒன்னையும் ராமதாஸையும் உக்கார வச்சிப் பேசறேன். ஒனக்குத்தான்னு இப்ப நான் வாக்கு குடுக்க முடியாது. ஆனா ஒன்னு சொல்லு. நாளைக்கே ஒன் வீட்டுக்காரரு திரும்ப வந்து வேற மாதிரி சொன்னா நான் என்ன பண்றது?"

"என்னக் கூப்ட்டு கேளுங்க சார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

ஜானகிராமன் தலையாட்டினார். அது சரி என்றா, போய் வா என்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. கால் விண்விண்ணென்று தெறித்தது. எதிர்ச்சாரி டீக்கடை ஓரம், பக்கத்து வீட்டுப் பலராமனின் பைக்கில் சாய்ந்தபடி விஜயராகவன் நின்றிருந்தான். வீட்டில் போட்டிருந்த அதே அரைக்கால் சட்டை, பொத்தான் மாற்றிப் போட்ட மேல்சட்டை. வழி முழுக்கப் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். ரோட்டைக் கடந்து வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் அந்த பைக்கின் விளக்கு தெரிந்தது. இவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. முறுக்கினால் அதுவும் முறுக்கியது. முந்தவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. தன்னைக் காவல் காக்கிறானா, தன்னோடு வருகிறானா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் வந்து நிற்க இடம் இருந்தும் அவன் வரவில்லை. பின்னால் ஒரு பஸ்ஸின் ஓரமாக, ஒரு காலை ஊன்றி நின்றான். பஸ் கொஞ்சம் முன்னால் நகர்ந்து அவனை மறைத்தது. பச்சை விழுந்து, சுற்றியிருந்த எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின. இனியா வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடி முழுக்கப் பஸ்ஸின் முகம். அதன் விளிம்பில் ஒற்றை விளக்கு ஒன்று வெளியே வருவதற்கு இடம் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தது.